சக மாணவரின் கட்டுரையில் எங்கே பேனா வைப்பது?

"சூப்பரா இருக்கு. இன்னும் கொஞ்சம் விளக்கமா எழுதியிருக்கலாம்."

திட்ட மேலாண்மை படிக்கும் மாணவர்கள், ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படித்துக் கருத்து எழுதும் பயிற்சியில் நான் அதிகம் பார்த்த இரண்டு வரி இதுதான். எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும். கட்டுரையைத் திறக்காமலே எழுதிவிடலாம். சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

என் பிழைப்பு புராஜெக்ட் மேனேஜர் வேலை. அதோடு மாணவர்களின் கட்டுரைகளைப் படித்துக் கொடுக்கும் பழக்கமும் சில வருடங்களாக ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் நான் மேலே சொன்னவர்களுக்கு நேர் எதிர்த் துருவம். ஒரு மாணவியின் ஆறு பக்கக் கட்டுரையைக் கையில் எடுத்தேன். முதல் பத்தியில் ஒரு வாக்கியத்தைத் திருத்தினேன். அடுத்ததும் சரியில்லை என்று பட்டது. இரவு பதினொரு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் பாதிக் கட்டுரை என்னுடையதாகிவிட்டிருந்தது. அவர் எல்லாத் திருத்தங்களையும் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொண்டு, "மிக்க நன்றி சார்" என்று பதில் போட்டார். அடுத்த கட்டுரையில் அதே பிழைகள், அதே இடங்களில். உழைத்தது நான், அவர் கற்றுக்கொள்ள நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

பின்னூட்டம் என்றாலே நன்மைதான் என்று நினைத்துக்கொள்கிறோம். அவ்ராஹம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1996-இல் பழைய ஆய்வுகளைத் திரட்டி 607 விளைவு அளவுகளை, அதாவது பின்னூட்டம் செயல்பாட்டை எவ்வளவு மாற்றியது என்ற எண்களை, கணக்கிட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பார்த்தால் பயன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்பாடு குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். திட்டுவதில் மட்டும்தான் இந்த ஆபத்து என்று நினைக்க வேண்டாம். "நீ ரொம்ப திறமைசாலி" என்பதும் ஆளின் மீது விழுகிற சொல்தான். அதை வைத்துக்கொண்டு எந்தப் பத்தியைத் திருத்துவது?

சரி, ஒரு கட்டுரையைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் புராஜெக்டைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தார். மொத்த பட்ஜெட்டை 100 என்று வைத்துக்கொண்டிருந்தார். நான்காவது பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: "பட்ஜெட்டில் 50 செலவாகிவிட்டது, ஆகவே புராஜெக்ட் பாதி முடிந்துவிட்டது."

இதற்கு மூன்று சக மாணவர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். முதல் ஆள்: "ஏர்ன்டு வேல்யூ பகுதி தெளிவாக இல்லை." (ஏர்ன்டு வேல்யூ என்பது அதுவரை முடிந்த வேலையின் பட்ஜெட் மதிப்பு.) இரண்டாம் ஆள்: "இது அடிப்படைத் தவறு. பாடத்தை மறுபடி படிக்கவும்." மூன்றாம் ஆள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"நாலாவது பத்தியில் பாதி முடிந்தது என்று இருக்கிறது. ஆனால் இரண்டாவது அட்டவணையில் முடிந்த வேலையின் மதிப்பு 45 என்று போட்டிருக்கிறாய். எதை நம்புவது என்று இங்கே குழம்பிவிட்டேன். 45-ஐ 50-ஆல் வகுத்தால் வருகிற எண் என்ன சொல்கிறது என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?"

மூன்று பேருக்கும் தவறு தெரிந்திருக்கிறது. முதல் கருத்தில் இடம் இல்லை. இரண்டாவதில் வழி இல்லை, போதாக்குறைக்கு ஒரு குட்டு வேறு. மூன்றாவது கருத்து பத்தியைக் காட்டுகிறது, அட்டவணையோடு முட்டுகிற இடத்தைக் காட்டுகிறது, பிறகு ஒரு கணக்கைக் கையில் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. விடையைச் சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிறுத்தம்தான்.

அடுத்த வரைவில் அந்தப் பத்தியே மாறியிருந்தது. 45-ஐ 50-ஆல் வகுத்தால் 0.9. அதாவது 100 செலவழித்தால் 90-க்கான வேலைதான் நடக்கிறது. இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 111 வரை போகும் என்று எழுதியிருந்தார். அதோடு நிற்காமல், அந்தத் தேதிக்குள் 60 முடிந்திருக்க வேண்டும், முடிந்ததோ 45, ஆகவே வேலை திட்டமிட்ட வேகத்தில் போகிறதா என்று காட்டும் கால அட்டவணைக் குறியீடு (45-ஐ 60-ஆல் வகுத்தது) 0.75 என்று யாரும் கேட்காத கணக்கையும் சேர்த்திருந்தார். செலவை விட நேரம்தான் பெரிய பிரச்சினை என்பது அவர் கட்டுரையில் அப்போதுதான் முதன்முறையாகத் தெரிந்தது.

இன்னொரு வகைத் தவறு, கேள்விப்பட்டதை அப்படியே எழுதிவிடுவது. இந்தத் துறையில் அது கொஞ்சம் அதிகம். "1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் வாட்டர்ஃபால் முறையை முன்மொழிந்தார்" என்று எழுதாத மாணவர் குறைவு. ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்த கட்டம் என்று படிப்படியாக இறங்கி மென்பொருள் உருவாக்கும் முறை அது. ராய்ஸின் கட்டுரையில் அந்தப் படிக்கட்டுப் படம் உண்டு. ஆனால் வாட்டர்ஃபால் என்ற சொல் அதில் கிடையாது. அப்படி ஒரே நேர்கோட்டில் போவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்றும் அவரே எழுதியிருக்கிறார். அதேபோல மென்பொருள் புராஜெக்டுகளின் வெற்றி தோல்வியைக் கணக்கெடுத்த 1994-ஆம் ஆண்டின் கேயாஸ் அறிக்கை: வெற்றி பெற்ற மென்பொருள் புராஜெக்டுகள் 16.2 விழுக்காடு மட்டுமே என்ற எண்ணை, அது மென்பொருளுக்கானது என்பதையே விட்டுவிட்டு, எல்லாப் புராஜெக்டுக்கும் சேர்த்து இன்றைய நிலவரம் போல எழுதுவார்கள். அந்த எண்கள் எடுக்கப்பட்ட விதத்தை ஆய்வாளர்கள் பின்னாளில் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். திட்ட மேலாண்மைக்கான வழிகாட்டியான பிஎம்பாக் (PMBOK) கையேட்டின் கதையும் இதுதான். 49 செயல்முறைகள் என்பது 2017-இல் வந்த ஆறாம் பதிப்பின் கணக்கு. 2021-இல் வந்த ஏழாம் பதிப்பு 12 கொள்கைகள், 8 செயல்திறன் களங்கள் என்று அமைப்பையே மாற்றிக்கொண்டது. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து ஒரு கட்டுரை வந்தது, படித்த எனக்கே தலை சுற்றியது.

இப்படிப்பட்ட இடத்தில் "தவறு" என்று வட்டம் போட்டு நகர்ந்துவிடத் தோன்றும். "இது எந்தப் பதிப்பு?", "மூலக் கட்டுரையைத் திறந்து பார்த்தாயா?" என்று கேட்டுப் பாருங்கள். மாணவர் போய்ப் பார்ப்பார். பார்த்தவர் அடுத்த முறை கேள்விப்பட்டதை எழுதும்போது கொஞ்சம் தயங்குவார். உங்களுக்கே விடை உறுதியாகத் தெரியாவிட்டாலும் இந்தக் கேள்வியைத் தாராளமாகக் கேட்கலாம், அது ஒரு வசதி.

எத்தனை கருத்து எழுதுவது என்று கேட்பார்கள். பெரிதாக மூன்று போதும் என்பது என் கணக்கு. நாற்பது குறிப்பு கொடுத்தால் மாணவர் எளிதானவற்றைத்தான் முதலில் எடுப்பார். ஒற்றுப்பிழை முப்பதையும் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று படுத்துவிடுவார். ஸ்கோப், அதாவது புராஜெக்டில் அடங்கும் வேலையின் எல்லை, எங்கே முடிகிறது என்றே சொல்லாத கட்டுரையில் ஒற்றுப்பிழை பார்ப்பது, மாற்றப்போகிற சுவருக்கு வெள்ளையடிக்கிற கதை. பிழைகளைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களுக்குள் கருத்து எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. கடுமையாக எழுதினால் மறுநாள் முகம் பார்க்க வேண்டும். அதனால்தான் "சூப்பர்" வருகிறது. இதற்கு நான் சொல்லும் வழி சின்னது. வாக்கியத்தின் எழுவாயை மாற்றிப் பாருங்கள். "நீ ரிஸ்க் பகுதியைச் சரியாக எழுதவில்லை" என்பதற்குப் பதிலாக, "ரிஸ்க் ரிஜிஸ்டரில் எட்டு ஆபத்துகள் இருக்கின்றன, ஒன்றுக்கும் பொறுப்பாளர் பெயர் இல்லை, யார் கவனிப்பார்கள் என்று தேடினேன்" என்று எழுதலாம். விஷயம் ஒரு துளியும் குறையவில்லை. பார்க்கப்போனால் இரண்டாவதுதான் இன்னும் கறாரானது. பாராட்டையும் இப்படியே இடம் காட்டி எழுதலாம்: "ஸ்டேக்ஹோல்டர் (புராஜெக்டோடு தொடர்புள்ளவர்கள்) பட்டியலில் இரவு நேரக் காவலாளியைச் சேர்த்தது எனக்குத் தோன்றியே இருக்காது." அந்த நூலகக் கட்டுரையில் நிஜமாகவே அப்படி ஒரு வரி இருந்தது. சர்வர் மாற்றும் வேலை இரவில் நடந்ததால் சாவி அவரிடம்தான்.

அப்புறம், கருத்து எழுதுபவரும் தவறலாம். அதே கட்டுரையின் ஐந்தாம் பக்கத்தில், பயிற்சிக் கையேடு தயாரிக்கும் வேலை நான்கு நாள் தாமதம் என்று இருந்தது. முடிவுத் தேதியோ மாறவில்லை. மாட்டிக்கொண்டார் என்று நினைத்து, "நான்கு நாள் எங்கே போயிற்று?" என்று எழுதினேன். பதில் வந்தது: "சார், அந்த வேலை கிரிட்டிக்கல் பாத்தில் இல்லை. அதற்கு ஆறு நாள் ஃப்ளோட் இருக்கிறது. மூன்றாம் பக்கத்து கான்ட் சார்ட்டைப் பாருங்கள்."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. கிரிட்டிக்கல் பாத் என்பது முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் வேலைகளின் தொடர், ஃப்ளோட் என்பது முடிவுத் தேதியைத் தொடாமல் ஒரு வேலை தாமதமாகக்கூடிய அவகாசம், கான்ட் சார்ட் என்பது வேலைகளை நாள்வாரியாகப் பட்டைகளில் காட்டும் படம். மன்னிப்புக் கேட்டு என் குறிப்பை நீக்கப் போனேன். "இருக்கட்டும் சார், ஐந்தாம் பக்கம் வரும்போது அந்தப் படம் யாருக்கும் ஞாபகம் இருக்காது போல" என்றார். கடைசி வரைவில் அந்த இடத்தில் ஒரு வாக்கியம் கூடியிருந்தது: "இந்த வேலைக்கு ஆறு நாள் அவகாசம் இருந்ததால் நான்கு நாள் தாமதம் முடிவுத் தேதியைத் தொடவில்லை."