புதுப் பெட்டி வாங்கும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்

“சார், என்100 மினி பிசி வாங்கி மாத்திட்டேன். அப்பவும் நெக்ஸ்ட்கிளவுட் திணறுது.” இந்த அழைப்பு வராத மாதமே இல்லை. நெக்ஸ்ட்கிளவுட் என்பது நம் போட்டோ, ஃபைல்களை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளும் கிளவுட் மென்பொருள்; என்100 இன்டெலின் சிக்கனமான பிராசசர். போய்ப் பார்த்தால், ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த அதே பழைய யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் இப்போது புதுப் பெட்டியில் மாட்டியிருக்கும். டேட்டாபேஸும் அதிலேயேதான்.

வீட்டு கிளவுட் மெதுவாக இருந்தால் பிராசசர்தான் காரணம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! ஒரு ஃபோல்டரைத் திறக்கும்போது அங்கே நடப்பது பெரும்பாலும் தேடும் வேலை. ஒவ்வொரு ஃபைலுக்கும் டேட்டாபேஸில் ஒரு வரி இருக்கிறது. ஒவ்வொரு போட்டோவுக்கும் பல அளவுகளில் குட்டிப் படங்கள், ஒவ்வொன்றும் தனி ஃபைல். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்று சுற்றவே 8.3 மில்லிசெகண்ட் ஆகும். படிக்கும் முனையான ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கங்கே சிதறிக் கிடப்பதை நொடிக்கு நூறு, நூற்றைம்பது தடவைக்கு மேல் அதனால் எடுத்துத் தர முடியாது. கையடக்க டிஸ்க் அதைவிட மோசம். சுழலும் பாகமே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி அதே நொடியில் பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும். டிஸ்க் பதில் சொல்லும்வரை எந்த பிராசசரும் கைகட்டித்தான் நிற்க வேண்டும். நம்பிக்கை இல்லையா? திணறும் நேரத்தில் லினக்ஸ் டெர்மினலில் ‘டாப்’ (top) கட்டளையை ஓட்டி, ‘டபிள்யூஏ’ (wa) என்ற எண்ணைப் பாருங்கள். டிஸ்க்குக்காக பிராசசர் காத்திருக்கும் நேரத்தின் சதவீதம் அது. அது இரட்டை இலக்கத்திலேயே நின்றால் காசை எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள்.

எஸ்டி கார்டில் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் நகல் எடுங்கள். ஓயாமல் எழுதினால் அந்த கார்டு சீக்கிரம் கைவிட்டுவிடும்.

பிராசசர் முக்கியமாகும் இடமும் உண்டு. பை 4 சிப்பில், டேட்டாவைப் பூட்டி வைக்கும் ஏஇஎஸ் என்கிரிப்ஷனுக்கான தனிக் கட்டளைகள் கிடையாது. 2023-இல் வந்த பை 5-இலும் என்100-இலும் அவை இருக்கின்றன. டிஸ்க்கை முழுக்க என்கிரிப்ட் செய்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பை 3 பற்றிக் கேட்காதீர்கள்: 1 ஜிபி ராம், யூஎஸ்பி 2. அதற்கு ஓய்வு கொடுங்கள்.

அடுத்தது கரண்ட். என்100 விளம்பரத்தில் வரும் ‘6 வாட்’ பிராசசருக்கு மட்டுமான எண். பிளக்கில் மொத்தப் பெட்டியும் எவ்வளவு இழுக்கிறது என்பதை வாட் மீட்டர்தான் சொல்லும். அதேபோல், அலுவலகங்களில் கழித்து விற்கும், இன்டெல் ஐ5 ‘டி’ வகை பிராசசர் போட்ட மினி பிசிகளில் 35 வாட் என்று பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அது சுமை ஏறும்போதுள்ள கணக்கு. வீட்டு சர்வர் நாளில் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும். 10 வாட் இழுக்கும் பெட்டி நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாத பில்லில் 14, 15 யூனிட் ஆகும். “பழைய டெஸ்க்டாப் இருக்கு, செலவே இல்ல” என்பவர்களே, சும்மா இருக்கும்போதே அது 60 வாட் இழுத்தால் 86 யூனிட். தமிழ்நாட்டில் நமக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் மிச்சம் என்ன என்று நீங்களே பாருங்கள்.

இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதும்படி மிரர் செய்தால் பேக்கப் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். குழந்தை கை தவறி அழித்த போட்டோ இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும். தனி டிஸ்க்கில் வாரம் ஒரு நகல் எடுத்து, கழற்றி வையுங்கள். அந்த வேலைக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்கே போதும்.

பை 5 வாங்கினால் அதற்கான 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரையும் சேர்த்தே வாங்குங்கள். கையில் கிடைத்த 3 ஆம்பியர் சார்ஜரைப் போட்டால், யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் துண்டிக்கப்படும். பிறகு என்னிடம் கொண்டுவந்து “எப்படியாவது எடுத்துக் கொடுங்க” என்பீர்கள்.

கரண்ட் போய்ப் போய் வரும் ஊராக இருந்தால், மினி பிசி வாங்கும்போதே அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். 12 வோல்ட் என்றால், ஆம்பியரும் பிளக் முனையும் ஒத்துப்போகும் பட்சத்தில் ரவுட்டருக்கு விற்கும் மினி யூபிஎஸ்ஸே போதும். 19 வோல்ட் என்றால் அதை மாட்டிப் பார்க்காதீர்கள். வழக்கமான யூபிஎஸ் வாங்குங்கள்.