எத்தனை ஏபி? அதைவிட எந்த மே மாதம்?

ஆகஸ்ட் வந்தால் என் மேசைக்கு எக்செல் ஷீட்டுகள் வரத் தொடங்கிவிடும். கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். நம்மூர் அப்பாக்கள் கொண்டுவரும் ஷீட்டில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பத்துப் பன்னிரண்டு ஏபி பாடங்கள் (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) கலர் கலராக இருக்கும். கேள்வியும் ஒன்றுதான்: "எத்தனை ஏபி எடுத்தா போதும் மேடம்?" நான் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் நான்கு கட்டம் வரைவேன். வகுப்புக்கு ஒன்றாக நான்கு மே மாதங்கள்.

ஏபி தேர்வுகள் மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் நடக்கின்றன. 1 முதல் 5 வரையான மதிப்பெண் ஜூலையில் வரும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை அந்தத் தேர்வை எழுத உட்காரும்போது கல்லூரி முடிவுகள் மார்ச்சோடு வந்து, பெரும்பாலும் மே 1-க்குள் எங்கே சேர்வது என்றும் சொல்லி முடித்திருக்கும். ஆக, விண்ணப்பத்தில் காட்ட முடிகிற மதிப்பெண்கள் முதல் மூன்று மே மாதங்களுடையவை. கடைசி மே மாதத்துத் தேர்வு கல்லூரியில் கிரெடிட் (அந்தப் பாடத்தை அங்கே முடித்ததாகக் கணக்கு) வாங்கத்தான். 3 போதுமா, 5 கேட்பார்களா, அந்தப் பாடத்துக்கு கிரெடிட்டே கிடையாதா என்று கல்லூரியின் தளத்தில் பார்த்துவிட்டு எழுதலாம்.

சரி, அப்படியானால் ஒன்பதாம் வகுப்பிலேயே அள்ளிப் போட்டுக்கொள்ளலாமா? யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) கல்லூரிகள் ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், கணக்கிடுவது பத்து, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்களை வைத்துத்தான். ஒன்பதில் எடுக்கும் ஏபி-க்கு அங்கே எக்ஸ்ட்ரா பாயின்ட் கிடையாது. ஹ்யூமன் ஜியாகிரஃபி ஒன்றை எடுத்து, தேர்வு எப்படி இருக்கும் என்று பழகிக்கொண்டால் எனக்குப் போதும்.

சில வருடம் முன்பு பத்தாம் வகுப்பில் ஒரு பெண். உலக வரலாறு, கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ என்று மூன்று ஏபி. கெட்டிக்காரி என்பதால் நானும் தலையாட்டிவிட்டேன். ஜூன் கடைசியில் அவளுக்கு பரதநாட்டிய அரங்கேற்றம் என்பது ஏப்ரலில்தான் எனக்குத் தெரிந்தது. "ராத்திரி வர்ணம் முடிச்சுட்டு வந்து பதினோரு மணிக்கு கெமிஸ்ட்ரி புக்கைத் திறப்பா மேடம், பென்சில் கையில இருக்கும்போதே தூங்கிடுவா" என்றார் அவள் அம்மா. கெமிஸ்ட்ரியில் 2 வந்தது. விண்ணப்பத்தில் மதிப்பெண்ணைப் பெரும்பாலும் மாணவர்தான் குறிப்பிடுகிறார் என்பதால் அந்த 2-ஐ போடாமல் விட்டோம், பெரிய சேதமில்லை. ஆனால் ஆகஸ்டிலேயே அந்தக் கட்டத்தில் அரங்கேற்றத்தை எழுதியிருந்தால் கெமிஸ்ட்ரியை பதினொன்றாம் வகுப்புக்குத் தள்ளியிருப்பேன். கேட்காமல் விட்டது என் தப்பு. இப்போது பாடங்களின் பெயரை எழுதும் முன் அரங்கேற்றம், டிராக் போட்டிகள், தாத்தா பாட்டி வந்து தங்கும் மாதம் எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறேன்.

பாடங்களுக்கு இடையிலும் ஒரு வரிசை இருக்கிறது. ஃபிசிக்ஸ் சி என்ற ஏபி பாடத்துக்கு கால்குலஸ் வேண்டும்; முன்னால் முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் கூடவே படிக்க வேண்டும். சாதாரண கெமிஸ்ட்ரி படிக்காமல் நேரே ஏபி கெமிஸ்ட்ரிக்குத் தாவுவதை நான் ஊக்குவிப்பதில்லை. (தமிழில் ஏபி உண்டா என்று வருடாவருடம் கேட்கிறார்கள். சீனம், ஜப்பானியம், லத்தீன் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை.)

தேர்வு மே மாதம் என்றாலும் பதிவு நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடும். தாமதமானால் கூடுதல் கட்டணம். வகுப்பில் சேராமல் தானாகவே படித்து எழுதும் பிள்ளைகள் ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டில் நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. இடம் தரச் சம்மதிக்கும் பள்ளியைத் தேடிப்பிடிக்க வேண்டும். செப்டம்பரிலேயே பள்ளிகளின் ஏபி ஒருங்கிணைப்பாளர்களுக்குப் போன் போட்டுவிடுங்கள். நவம்பர் பிறந்தபின் கேட்டால் இடம் குதிரைக்கொம்புதான்.