டிஸ்ட்ரிபியூட்டர்: பெயரில் பாதி, பெட்டிக்குள் மீதி

பழைய பெட்ரோல் கார் காலையில் கிளம்ப மறுத்தால், மெக்கானிக் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டர். கறுப்பு மூடி, அதன் தலையில் ஐந்து தடித்த வயர்கள். நடுவில் இருப்பது மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலிலிருந்து வருகிறது, சுற்றியுள்ள நான்கும் எரிபொருளைப் பற்றவைக்கும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளுக்குப் போகின்றன. பட்டறையில் இதற்கு வேறு பெயர் கிடையாது. ஆனால் இதைத் தமிழில் சொல்ல முயன்றபோதுதான், அந்த ஆங்கிலப் பெயர் எவ்வளவு வேலையைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. ‘டிரிபுவெரே’ என்றால் பங்கு ஒதுக்குதல். ரோம மக்களின் பிரிவுகளைக் குறித்த ‘டிரிபுஸ்’ என்ற சொல்லோடு அதற்கு உறவு உண்டு. முன்னால் ‘டிஸ்’ சேர்ந்ததும், பல பக்கமும் பிரித்துக் கொடுத்தல் என்று பொருள் விரிந்தது. தமிழில் இதற்குப் பழைய சொல் வகுத்தல். ‘இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு’ என்ற குறளில் (385) அது இதே பொருளில்தான் நிற்கிறது. பிற்காலத்தில் வகுத்தல் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. சினிமாத் துறை விநியோகஸ்தரை வைத்துக்கொண்டது. மின்வாரியம் பகிர்மானம் என்ற சொல்லை நிலைநிறுத்தியது. காரில் பிரித்துக் கொடுக்கப்படுவதும் மின்சாரமே என்பதால், மின்பகிர்வி என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பொறிப்பகிர்வி என்றும் சொல்லலாம். ஆனால் பொறி என்ற சொல் தீப்பொறி, இயந்திரம், எலிப்பொறி, ஐம்பொறி என்று ஏற்கெனவே பல சுமைகளைத் தாங்குகிறது. தவிர, எரிபொருளைப் பற்றவைக்கும் பொறி பிறப்பது பிளக்கின் நுனியில். இந்தப் பெட்டி அனுப்புவது உயர் அழுத்த மின்சாரத்தை.

இவ்வளவும் மேல்மாடிக் கதை. மூடியைக் கழற்றி, உள்ளே சுழன்று ஒவ்வொரு பிளக் வயருக்கும் மின்சாரத்தைத் தரும் ரோட்டரையும் எடுத்துவிட்டால் கீழ்மாடி தெரியும். அங்கே நடப்பது பகிர்வு அன்று, பிரிப்பு. சிறிய இரு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகுகின்றன. மெக்கானிக்குகள் சி.பி. பாயிண்ட் என்று சொல்வது இதைத்தான். தொடுமுனை என்று தமிழில் சொல்லலாம். முனைகள் தொட்டிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் நிறைகிறது. விலகும் கணத்தில் ஓட்டம் அறுந்து, புலம் சரிந்து, காயிலின் இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் வகுத்து, 1910ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் வந்த முறை இது. பிறகு இது மெல்லப் பரவி, 1970கள்வரை உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இந்தத் தொட்டு விலகலில்தான் ஓடின.

மூன்றாவது வேலையும் உண்டு. எஞ்சின் வேகமெடுக்கும்போது பொறி சற்று முன்னதாகவே விழ வேண்டும். அதற்காக டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவே சுழலும் தண்டைச் சுற்றி எடைத்துண்டுகளும் சுருள்வில்களும், பக்கவாட்டில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்புக்கு அசையும் ஒரு சவ்வும் இருக்கின்றன. இதை முன்நகர்த்தம் என்று சொல்லலாம். பிரித்தல், முன்நகர்த்தல், பகிர்தல் ஆகிய மூன்றில் கடைசி ஒன்றுதான் பெயரில் இடம்பெற்றிருக்கிறது. கார் வைத்திருப்பவர்களின் பெரும்பாலான குழப்பங்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. தேய்வது பெரும்பாலும் பெயரில் இல்லாத அந்த இரண்டும்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு அதில் பாதியாக 1500 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு நான்கு பிரிவு என்றால் நொடிக்கு நூறு முறை முனைகள் விலக வேண்டும். எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் கார்களில் வந்த லூகாஸ் 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டரில், அந்த விலகலின் அளவு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்தான். முனை கருகினால் உப்புத்தாளால் தேய்க்கலாம், புதிதாகவும் மாற்றலாம். ஆனால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்டே ஆடத் தொடங்கினால், ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி மாறும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு வைத்து எத்தனை முறை சரிசெய்தாலும் நிற்காது.

இந்தத் தொல்லைக்குத் தீர்வாக வாங்குவதுதான் எலக்ட்ரானிக் இக்னிஷன். இந்தப் பெயரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இக்னிஷனின் வேர் லத்தீனின் ‘இக்னிஸ்’, அதாவது நெருப்பு. வடமொழியின் அக்னி அதற்கு உடன்பிறப்பு. நாம் சொல்லும் அக்கினியும் எஞ்சின் சாவியின் இக்னிஷனும் ஒரே மூதாதைச் சொல்லின் வழிவந்தவை என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. தமிழாக்கத்தில் எரியூட்டல் என்று எழுதுகிறார்கள். செய்தித்தாள்களில் அந்தச் சொல் இறந்தவரின் உடலோடு ஒட்டிப்போய்விட்டது. தினமும் காலையில் காரைக் கிளப்பும் செயலுக்கு அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பற்றவைப்பு நல்ல சொல்தான், ஆனால் பட்டறையில் அது வெல்டிங் வேலைக்குரியது. அடுப்பை மூட்டுகிறோம், விறகை மூட்டுகிறோம். ஆகவே தீமூட்டல் என்பதே நேரானது. முன்னால் மின்னணு சேர்த்தால் மின்னணுத் தீமூட்டல். இலங்கைத் தமிழில் மின்னணுவின் இடத்தில் இலத்திரனியல் வரும். பழைய மோரிஸ் மைனர் கார்கள் இன்னும் ஓடும் அந்த நாட்டில் இலத்திரனியல் தீமூட்டல் என்று எழுதினால் போதும்.

ஆனால் இந்தப் பெயரில் கடையில் வாங்கி, பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொருத்தும் மாற்றுப் பெட்டியில் மின்னணு ஆவது தீமூட்டல் முழுவதும் அன்று, பிரிக்கும் வேலை மட்டுமே. தொடுமுனையும், அதில் தீப்பொறி எழாமல் அடக்கும் கன்டென்சரும் இருந்த இடத்தில் ஓர் உணரி உட்காருகிறது. தண்டின் மேல் ஒரு காந்த வளையம் மாட்டப்படுகிறது. காந்தம் கடக்கும்போது உணரி அதை அறிந்து மின்னோட்டத்தை நிறுத்துகிறது. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த ஹால் விளைவுதான், அதாவது மின்னோட்டம் ஓடும் கடத்தியில் காந்தப்புலம் பட்டால் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் எழுவதுதான், இதன் அடிப்படை. சில வகைகளில் காந்தத்துக்குப் பதில் ஒளிக்கற்றை. உரசும் முனைகள் இல்லாததால் கருகல் இல்லை, இடைவெளி சரிசெய்யும் வேலையும் இல்லை. தண்டின் சிறு ஆட்டத்தையும் இது பழைய முனைகளைவிட நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். மூடியும் ரோட்டரும் எடைத்துண்டுகளும் புஷ்ஷும் பழையவையே.

எங்கள் வீட்டு அம்பாசடரில் இதை நான் அனுபவித்திருக்கிறேன். பெட்டி மாட்டியதும் காலையில் ஒரே திருப்பில் கிளம்பியது. நெடுஞ்சாலையில் ஏறியதும் இழுவை இல்லை, மேட்டில் எஞ்சின் தட்டியது. பழியைப் புதுப் பெட்டியின் மேல் போட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பார்த்தபோது புஷ் தேய்ந்திருந்தது, ஒரு சுருள்வில் தொய்ந்து நீண்டிருந்தது. முன்நகர்த்தம் கெட்டிருந்த ஒன்றில், பிரிப்பை மட்டும் புதுப்பித்திருக்கிறேன்.

மின்முனையையும் கவனிக்க வேண்டும். 1960களின் பிற்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். எதிர்முனை இணைப்புக்கான பெட்டியை அதில் மாட்டினால் உணரி கருகிவிடும். காயிலின் மின்தடையும் பெட்டி கேட்கும் அளவுக்குக் கீழே போகக் கூடாது.

வாங்குவதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை போதும். மூடியைக் கழற்றுங்கள், ரோட்டரை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். தண்டு ஆடி, தொடுமுனையின் இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினால், முதல் செலவு புஷ்ஷுக்கு.