சிமெட்ரி டாலரன்ஸ்: கட்டத்துக்குள் இருக்கும் எண் மொத்த அகலம்

தர ஆய்வில் ஆபரேட்டருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடக்கும் வாக்குவாதங்களில் சிமெட்ரியை, அதாவது ஸ்லாட் போன்ற ஒரு வெட்டு சரியாக நடுவில் இருக்கிறதா என்பதைப் பற்றியவை நிறைய. பெரும்பாலும் இருவருமே சரியாகத்தான் அளந்திருப்பார்கள். டிராயிங்கை வாசித்ததில்தான் வித்தியாசம்.

40 மி.மீ. அகல பிளாக்கின் நடுவே 12 மி.மீ. ஸ்லாட், டிராயிங்கின் டாலரன்ஸ் கட்டத்துக்குள் சிமெட்ரி 0.1, டேட்டம் A (எதை ஆதாரமாக வைத்து அளக்கிறோமோ அது) அந்த 40 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாட்டின் நடுத்தளம் 0.1 அகலமுள்ள இடைவெளிக்குள் இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அதாவது டேட்டத்தின் நடுத்தளத்திலிருந்து இந்தப் பக்கம் 0.05, அந்தப் பக்கம் 0.05. இதை பிளஸ் மைனஸ் 0.1 என்று வாசிப்பவர் ஸ்லாட்டின் இருபுறச் சுவர்களின் தடிமன் 14.1, 13.9 என்று இருந்தாலும் பாஸ் போடுவார். அங்கே ஸ்லாட் 0.1 விலகியிருக்கிறது, அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு. சுவர்களின் வித்தியாசம் 0.1-ஐத் தாண்டக் கூடாது என்று நினைவில் வைத்தால் குழப்பமே இல்லை.

ஷாஃப்ட் கீவேயில் (கீ உட்காரும் பள்ளத்தில்) இதே தவறு வேறு வழியாக வருகிறது. ஷாஃப்டை வி பிளாக்குகளில் வைத்து, கீவேயில் இறுக்கமாக ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுக் கட்டை) செருகி, அதன் மேல்முகத்தை டயலால் மட்டப்படுத்தி ரீடிங் எடுக்கிறோம். அப்புறம் 180 டிகிரி திருப்பி, மீண்டும் மட்டப்படுத்தி அதே இடத்தில் எடுக்கிறோம். இரண்டு ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசம் உண்மையான விலகலைப் போல இரண்டு மடங்கு. ஆகவே டிராயிங்கில் 0.05 என்றிருந்தால் அந்த வித்தியாசத்தை அப்படியே 0.05-உடன் ஒப்பிட வேண்டும். பாதியாக்கி ஒப்பிட்டால் கழிக்க வேண்டிய ஷாஃப்ட் வெளியே போய்விடும். கீவேயின் இரு முனைகளிலும் பாருங்கள். சாய்ந்து வெட்டியிருந்தால் ஒரு முனை மட்டும் நல்லதாகக் காட்டும்.

இதன் விளைவு அசெம்பிளியில்தான் தெரியும். ஷாஃப்டை இன்னொன்றோடு இணைக்கும் கப்ளிங் ஏறாது, ஃபிட்டர் கீயின் பக்கத்தை அரத்தால் ராவி ஏற்றுவார். ராவிய கீ லூஸாகி, மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் கீவே சுவரில் மோதும்.

டேட்டம் முக்கோணம் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். அளவுக்கோட்டுக்கு நேராக நின்றால் டேட்டம் நடுத்தளம் அல்லது அச்சு. விலகி நின்றால் அந்த ஒரு முகம் மட்டுமே.

எந்தத் தரநிலை என்பதையும் டைட்டில் பிளாக்கில் பாருங்கள். ஐஎஸ்ஓ 1101 முறையில் சிமெட்ரிக்கு வட்டத்துக்குள் எம் போட்டு, ஸ்லாட் அதன் மிகச் சிறிய அளவைவிட அகலமாகும்போது கூடுதல் சலுகை தரலாம். அமெரிக்கத் தரநிலையான ஒய்14.5-இன் 2009 பதிப்பில் அதற்கு இடமில்லை. எதிரெதிர்ப் புள்ளிகளின் நடுப்புள்ளிகளைத் தனித்தனியே கணக்கிட வேண்டும், சிஎம்எம் (ஆயத்தொலைவு அளவி இயந்திரம்) இல்லாமல் அது பெரும்பாடு. 2018 பதிப்பில் இந்தக் குறியீட்டையே நீக்கிவிட்டார்கள். அங்கே இப்போது பொசிஷன் (இருப்பிட டாலரன்ஸ்) குறியீடு வரும். ஸ்லாட்டுக்கு விட்டக்குறி இல்லாமல் போட்டிருந்தால் அந்த எண்ணும் மொத்த அகலம்தான்.

குறியீடே இல்லாத டிராயிங்கில் கீவே தானாகவே நடுவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். டைட்டில் பிளாக்கில் பொது டாலரன்ஸாக ஐஎஸ்ஓ 2768-எம்கே என்றிருந்தால், 300 மி.மீ. வரை சிமெட்ரிக்கு 0.6 அனுமதி. 2768-இன் அந்த இரண்டாம் பகுதியை 2021-இல் விலக்கிக்கொண்டார்கள் என்றாலும் பழைய டிராயிங்குகள் இன்னும் அதிலேயே ஓடுகின்றன. 8 மி.மீ. கீவேக்கு 0.6 போதுமா என்று முதல் பீஸ் வெட்டும் முன்பே வாடிக்கையாளரின் டிசைன் பிரிவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.