மொட்டை மாடி சோலார்: மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன்

சென்னையில் எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், கொடியில் காயப்போட்ட துணியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதை. நம் வீட்டு ஏசி இழுக்கும் கரண்டில் ஒரு பங்கு அந்த நிலக்கரியிலிருந்து வருகிறது. சொந்த மாடி உள்ளவர்கள் அதைக் குறைத்துக்கொள்ள, மாடியில் சோலார் போட மானியம் தரும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம் கைகொடுக்கிறது.

மானியம் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றுக்கு ரூ.78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அப்படியென்றால் 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 480 யூனிட். பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறுவதால், அந்த எல்லையில் நிற்கும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

முதலில் இபி கார்டை எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் இணைப்பு இன்னும் காலமான தாத்தா பெயரிலேயே இருக்கும். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுத் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்தால் வீண் அலைச்சல் இல்லை. அடுத்தது நிழல். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை மாடியில் நின்று, தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னை நிழலும் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். வேலைக்கு வருபவர் சொல்வதைவிட அந்தக் கோட்டை நம்பலாம்.

திட்டத்தில் பதிவான நிறுவனத்திடம்தான் போட வேண்டும். பேனல் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். வர்தா புயலைப் பார்த்த ஊர் இது, ஆகவே பேனலைப் பிடித்து நிற்கும் சட்டகம் எந்தக் காற்று வேகத்துக்குத் தாங்கும் என்பதை எழுதி வாங்குங்கள். பிறகு மின்வாரியத்தார் பார்த்து இருவழி மீட்டர் பொருத்துவார்கள். பகலில் மிஞ்சும் யூனிட் லைனுக்குப் போய் உங்கள் கணக்கில் கழியும்.

மானியம் முன்கூட்டி வராது. எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகே வங்கிக் கணக்கில் ஏறும். முழுத்தொகை கையில் இல்லாதவர்கள் அரசு வங்கிகளில் இதற்கென இருக்கும், அடமானம் கேட்காத கடனை விசாரிக்கலாம்.

பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. பேட்டரி இல்லாத அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள்.

அடுக்குமாடிக்காரர்களும் விடுபடவில்லை. லிப்ட், மோட்டார், பொது விளக்குக்காகச் சங்கத்தின் பெயரில் போட்டால் கிலோவாட்டுக்கு ரூ.18,000 கிடைக்கும். திட்டக்காலம் 2026-27 நிதியாண்டு வரை. அடுத்த சங்கக் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்.