மண்டையூடு காந்தத் தூண்டல்

சித்தி பல வருடமாகத் தூக்க மாத்திரை போடுகிறார். அதை விட்டுவிட வழி இருக்கிறதா என்று கேட்டு அவர் நீட்டிய துண்டுத்தாளில் 'காந்த சிகிச்சை' என்று அச்சடித்திருந்தது. "காந்த வளையல் போடுவாங்களே, அதுவாப்பா?" என்றார். அது இல்லை. ஆனால் அப்படி நினைக்க வைத்தது அந்தச் சொல்தான்.

அதன் முழுப்பெயர் டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன். டாக்டர்கள் வாயில் டி.எம்.எஸ்.; தமிழில் மண்டையூடு காந்தத் தூண்டல் என்று எழுதுகிறேன். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர் செய்து காட்டினார்கள். தலையை ஒட்டிக் கம்பிச்சுருளை வைத்து, கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகப் பலத்த மின்னோட்டம் விடுவார்கள். 'டக் டக்' என்று மரங்கொத்தி கொத்துவதுபோல் சத்தம் வரும். மாறும் காந்தப்புலம் எலும்பைத் தாண்டிப் போய் மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை எழுப்பும். எவ்வளவு பலம் தேவை என்பதைக் கட்டைவிரல் சொல்லும்: மூளையில் கையை இயக்கும் இடத்தின் மேல் சுருளை வைத்து, எந்த அளவில் விரல் தானாகத் துள்ளுகிறது என்று பார்ப்பார்கள். மயக்கம் கொடுப்பதில்லை, வேண்டுமென்றே வலிப்பு வரவழைப்பதும் இல்லை. ஆகவே அவை இரண்டும் உள்ள 'ஷாக் ட்ரீட்மெண்ட்' பெயரை இதற்கு எழுதினால் தப்பு.

'டிரான்ஸ்' லத்தீன், ஊடாக என்று பொருள். 'கிரேனியம்' கிரேக்க வழி வந்த மண்டையோடு. காந்தம் நமக்கு வடமொழி தந்தது: அயஸ்காந்தம், இரும்புக்குப் பிரியமானது. 'ஸ்டிமுலஸ்' என்பதோ லத்தீனில் மாட்டைக் குத்தி ஓட்டும் கோல், நம்மூர் தார்க்குச்சி. தமிழின் 'தூண்டல்' வேறு காட்சி. எண்ணெய் விளக்கில் திரி கருகிச் சுடர் மங்கும்போது அதை முன்னே தள்ளிவிடும் குச்சிதான் தூண்டுகோல். எனக்கு இதுவே பிடிக்கிறது. ஒரு குறை உண்டு: நொடிக்குப் பத்துத் தடவை தட்டினால் பொதுவாக அந்தப் பகுதி சுறுசுறுப்பாகும், ஒரு தடவை என்று மெதுவாகத் தட்டினால் அடங்கும். அடக்குவதற்கும் தூண்டல் என்றே பெயர்!

இன்னொரு சிக்கல் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறது. ஃபாரடே 1831இல் கண்ட இண்டக்‌ஷனுக்கு இயற்பியல் பாடத்தில் 'மின்காந்தத் தூண்டல்' என்று பெயர். வெறும் 'காந்தத் தூண்டல்' என்றால் இயற்பியல் ஆசிரியர் வேறொன்றை நினைப்பார். அதனால்தான் முன்னால் 'மண்டையூடு' வேண்டும். எக்ஸ்ரேயை ஊடுகதிர் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு 'ஊடு' புதிதல்ல. கபாலம் என்றும் போடலாம்தான், ஆனால் அதைக் கேட்டால் சுடுகாடு நினைவுக்கு வருகிறது.

சரி, மாத்திரைக்கு வருவோம். 'செடேட்டிவ்' லத்தீனில் தணிப்பது, அமரச் செய்வது. நம் 'அமர்த்து' அச்சு அசலாக அதே பொருள்; விளக்கை 'அணை' என்று சொல்லக் கூசும் வீடுகளில் 'அமர்த்து' என்பார்கள். 'மயக்க மருந்து' ஆபரேஷன் தியேட்டருக்கானது, இங்கே ஒட்டாது. அமர்த்து மருந்து என்று எழுதலாம். பேச்சில் தூக்க மாத்திரையே போதும்.

மருந்தில்லாமல் இருக்க முடியாத நிலையைச் சொல்லும் 'டிபென்டன்ஸ்' என்பதை 'அடிமைத்தனம்' என்று எழுதுவதை மட்டும் ஒப்பமாட்டேன். டாக்டர் எழுதிக்கொடுத்ததை விழுங்கிய சித்தி எப்படி அடிமையானார்? சார்பு என்பதே சரி. 359ஆம் குறள் 'சார்தரு நோய்' என்று சார்பையும் நோயையும் சேர்த்தே பேசுகிறது.

இந்தத் தூண்டல் அந்தச் சார்பைப் போக்குமா? அமெரிக்காவில் 2008இல் மனச்சோர்வுக்கும் 2020இல் புகைப்பழக்கத்தை விடவும் அனுமதி கிடைத்தது. தூக்க மாத்திரைச் சார்புக்கு இது இன்னும் ஏற்கப்பட்ட சிகிச்சை இல்லை. அல்பிரசோலம், டயசிபாம் வகை அமர்த்து மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், டி.எம்.எஸ்ஸிலும் அபூர்வமாக வலிப்பு வருவதுண்டு. இரண்டையும் ஒன்றாக வைக்க டாக்டர்கள் தயங்குவது அதனால்தான்.

சித்திக்கு டாக்டர் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க. துண்டுத்தாள் இப்போது மாத்திரை டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.