"இவன் மாமனும் லேட்டாகத்தான் பேசினான்" என்று விட்டுவிடாதீர்கள்

மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்று பையனைக் கூட்டிக்கொண்டு வரும் வீடுகளில் பெரும்பாலும் அம்மாவைப் பெற்ற பாட்டியும் கூடவே வருவார், வந்ததும் அவர் சொல்வது, "இவன் மாமன்காரனும் நாலு வயசு வரைக்கும் வாயைத் திறக்கலைங்க டாக்டர், பயப்பட ஒண்ணும் இல்லை." பல வீடுகளில் அது சரியாகவும் இருக்கும், தாமதமாகப் பேசி நன்றாகப் படித்து வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். ஆனால் குழந்தை வளர்ச்சி மருத்துவராக எனக்கு அந்த மாமனைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்டாக வேண்டும். மாமா எத்தனையாவது வரை படித்தார்? இப்போது என்ன வேலை பார்க்கிறார்? தனியாகக் கடைக்குப் போய்க் கணக்காய்ச் சில்லறை வாங்கி வருவாரா? கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம், "அவன் கொஞ்சம் கூச்ச சுபாவம், வெளிய தெருவ போறதில்லை" என்று பதில் வந்தால் நான் பேப்பரை எடுத்து மூன்று தலைமுறைக்கும் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று குடும்ப வரைபடம் போட ஆரம்பித்துவிடுவேன்.

அப்போது என் மனதில் இருப்பது ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு. பரம்பரையாக வரும் அறிவுசார் குறைபாட்டுக்கு உலகத்தில் அதிகம் காணப்படும் காரணம் இதுதான், ஆட்டிசத்துக்குத் தெரிந்திருக்கும் ஒற்றை மரபணுக் காரணங்களிலும் இதுவே முன்னால் நிற்கிறது. 1943ல் மார்ட்டின், பெல் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஒரே குடும்பத்தில் பெரும்பாலும் ஆண்களைப் பாதித்து வரும் குறைபாடு என்று எழுதி வைத்தார்கள், அதற்குக் காரணமான, எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 என்ற மரபணு 1991ல்தான் கிடைத்தது.

நீளமான முகம், பெரிய காது என்று பாடப்புத்தகத்தில் இருக்கும், ஆனால் சின்ன வயதில் அது பலருக்குக் கண்ணில் படவே படாது, பருவம் வந்த பிறகுதான் தெளிவாகும். எனக்கு உதவுவது பையன் நடந்துகொள்ளும் விதம். நான் கையை நீட்டினால் அவனும் நீட்டுவான், கொடுக்க ஆசையும் இருக்கும், ஆனால் கை என் கையைத் தொடும் அந்த நொடியில் முகமும் தோளும் அப்படியே மறுபக்கம் திரும்பிவிடும். மனிதர்கள் வேண்டாம் என்று அவன் ஒதுங்கவில்லை, நேருக்கு நேர் பார்ப்பது அவனுக்குத் தாங்க முடியாத பதற்றம், அவ்வளவுதான். கூடவே கையை உதறுவது, மணிக்கட்டைக் கடிப்பது, சொன்னதையே சொல்வது, ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்பு, அடிக்கடி காதில் சீழ், இப்படி ஒன்றிரண்டாவது இருக்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? அந்த மரபணுவின் தொடக்கத்தில் சி, ஜி, ஜி என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது 45 முறைக்குள். 55 முதல் 200 வரை இருந்தால் அவரைக் கடத்துபவர், அதாவது அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கக்கூடியவர் என்கிறோம், அவருக்கு அறிவுத்திறன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். கடத்தும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது இந்த எண்ணிக்கை நீளலாம், அது 200ஐத் தாண்டிவிட்டால் உடம்பே அந்த இடத்தில் மெத்தில் என்ற வேதிக்குறியைப் போட்டு மரபணுவை மூடிவிடும். புரதம் செய்வதற்கான எழுத்து ஒன்றுகூட அழியவில்லை, பக்கங்கள் ஒட்டிக்கொண்ட புத்தகம் மாதிரி படிக்கத்தான் முடியவில்லை. எழுத்து மாறாமலே மரபணு திறப்பதையும் மூடுவதையும் எபிஜெனிடிக்ஸ் என்று பேசுகிறார்களே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 200க்கு மேல் இருந்தும் அந்த மூடி விழாத சில ஆண்கள் உண்டு, அவர்களுக்குப் பாதிப்பு வெகு குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பெண் குழந்தைகளுக்கு இன்னொரு எக்ஸ் கைகொடுப்பதால் பொதுவாகப் பாதிப்பு லேசாக இருக்கும், சிலருக்குக் கணக்குப் பாடமும் பதற்றமும் மட்டுமே பிரச்சினை.

இதைக் கேட்டதும் சில பெற்றோர், "அப்போ மூடியைத் திறக்க மருந்து இருக்கா?" என்பார்கள். நியாயமான கேள்வி, ஆராய்ச்சியும் நடக்கிறது, ஆனால் இன்றைக்கு எந்த மருந்தும் இல்லை. மெத்திலேஷனை, அதாவது அந்த மூடியைச் சரி செய்யும் என்று ஆயிரக்கணக்கில் விற்கும் பொடிகளையும் சொட்டு மருந்துகளையும் தயவுசெய்து வாங்காதீர்கள். ஃபோலிக் அமிலத்தைப் பல வருடங்களுக்கு முன்பே இந்தக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள், பலன் நிரூபணமாகவில்லை. அந்தப் பணம் பேச்சுப் பயிற்சிக்குப் போகட்டும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். நகையை அடகு வைத்து, மரபணுக்களில் புரதம் செய்யும் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்சோம் பரிசோதனை செய்து, "எல்லாம் நார்மல், ஜெனிடிக் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று ஃபைலோடு வருகிறார்கள். வழக்கமான எக்சோம் இந்தத் திரும்பும் எழுத்துகளை எண்ணாது. சாதாரண குரோமோசோம் பரிசோதனையிலும் தெரியாது, குரோமோசோமில் சிறு துண்டு குறைந்ததா கூடியதா என்று பார்க்கும் மைக்ரோஅரேயிலும் தெரியாது. எஃப்எம்ஆர்1 மரபணுவுக்கென்றே உள்ள பிசிஆர், தேவைப்பட்டால் சதர்ன் பிளாட் என்ற ரத்தப் பரிசோதனைகள், இதைத் தனியாக எழுதித் தந்தால்தான் செய்வார்கள், செலவும் எக்சோமைவிடக் குறைவு. காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதமோ ஆட்டிசமோ இருக்கும் குழந்தையின் ஃபைலில் அந்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று இன்றைக்கே புரட்டிப் பாருங்கள்.

"நாங்க சொந்தத்துல கட்டலையே, அப்புறம் எப்படி ஜீன் பிரச்சினை?" என்பதும் எனக்கு ரொம்பப் பழக்கமான கேள்வி. சொந்தத்தில் கட்டினால் ஆபத்து கூடுவது, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர வேண்டிய நோய்களுக்கு. இது அந்த வகை இல்லை, அம்மாவிடமிருந்து வரும் பழுதான ஒரு எக்ஸ் குரோமோசோம் போதும். உடனே வீட்டில் எல்லாருடைய கண்ணும் மருமகள் பக்கம் திரும்பும், அதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் அதை எங்கும் போய்ச் சம்பாதித்து வரவில்லை. மாமனுக்கும் இருந்தால் அந்தப் பாட்டியிடமிருந்து வந்தது, மாமன் நன்றாக இருந்தால் தாத்தாவிடமிருந்தும் வந்திருக்கலாம், ஏனென்றால் கடத்தும் ஆண் அதைத் தன் மகள்கள் எல்லாருக்கும் கொடுப்பார், மகன் ஒருவருக்கும் கொடுக்க மாட்டார். அந்தத் தாத்தாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் கை நடுக்கமும் நடையில் தள்ளாட்டமும் வந்திருக்கிறதா, சித்திக்கோ பெரியம்மாவுக்கோ நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டதா என்று நான் கேட்பது அதனால்தான், கடத்துபவர்களுக்கே வரக்கூடிய தொந்தரவுகள் இவை. கடத்தும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு இப்படிச் சீக்கிரம் நின்றுவிடுகிறது.

"தங்கச்சிக்கு வரன் பார்த்துட்டு இருக்கோம், வெளிய சொல்லிடாதீங்க டாக்டர்" என்பார் பையனின் அம்மா. சொல்ல மாட்டேன், அது என் கடமை. ஆனால் அந்தத் தங்கச்சியிடம் நீங்கள் சொல்லியாக வேண்டும், அவருக்கு அது தெரிய உரிமை இருக்கிறது. பரிசோதித்துக்கொண்டவருக்குக் குழந்தை பெறுவதில் வழிகள் இருக்கின்றன, கர்ப்பமான 11வது வாரத்திலிருந்தே சிசுவுக்குப் பரிசோதனை செய்யலாம். தெரியாமல் இருந்தால் ஐந்தாவது மாதத்தில் அவசர அவசரமாக ஓடி வருவார்கள்.

ரிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியையும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியையும் ஆரம்பித்துவிடுங்கள். தனியாரில் முடியாவிட்டால் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், கட்டணம் இல்லை. சென்னை சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கிறது. என்னிடமோ வேறு மருத்துவரிடமோ அடுத்த முறை போகும்போது, அம்மா வழியில் மாமா, சித்தி, பெரியம்மா, அவர்களுடைய பிள்ளைகள் எல்லாரையும் ஒரு தாளில் எழுதி, யார் எத்தனை வயதில் பேசினார்கள், எதுவரை படித்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்து எடுத்துப் போங்கள், பாட்டியையும் கூட்டிக்கொண்டு.